கழுத்து வலியைப் பற்றிப் பேசுவோம்

(மாலை நேரக் கல்வி மையத்தில் ஒரு தொண்டர் பேசியது)

 

இன்று புத்தகத்தை மூடி வையுங்கள். சிலேட்டையும் ஓரமாக வையுங்கள். இன்று நாம் கழுத்து வலியைப் பற்றிப் பேசப் போகிறோம்.

இது என்ன புதுப் பாடம் என்று பார்க்கிறீர்களா? காரணம் இருக்கிறது. போன வாரம் இங்கே நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம் மீன்காரப் பெரியம்மா பாதிப் படிப்பில் புத்தகத்தை மூடினார். "எனக்கு எழுத்து வேணாம்மா. ரெண்டு பக்கம் படிச்சா கழுத்து விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. முப்பது வருஷம் கூடை சுமந்த கழுத்து இது. இந்தப் புத்தகம் அதைச் சாய்ச்சிடுச்சு. நான் நாளையிலேருந்து வரல" என்றார்.

எல்லோரும் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "வேறு யாருக்குக் கழுத்து வலி இருக்கிறது?" என்று கேட்டேன். பாதிப் பேருக்கு மேல் கையைத் தூக்கினீர்கள். தையல் தைக்கும் அக்கா தூக்கினார். சித்தாள் வேலைக்குப் போகும் இரண்டு பேர் தூக்கினார்கள். வலை பின்னும் தாத்தா தூக்கினார். எந்நேரமும் செல்போன் பார்க்கும் தம்பியும் தூக்கினான்.

அன்றே முடிவு செய்தேன். இதைப் பேசாமல் அடுத்த பாடத்துக்குப் போகக் கூடாது.

நான் டாக்டர் இல்லை. பள்ளிக்கூடப் படிப்பு மட்டும் படித்தவள். ஆனால் கழுத்து வலி என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த வலி. என் அம்மாவோடு மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு அலைந்தேன். அங்கே டாக்டர்களும், நர்ஸ் அம்மாக்களும், உடற்பயிற்சி சொல்லித் தருபவரும் சொன்னவற்றைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்து கொண்டேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

கழுத்துக்குள் என்ன இருக்கிறது?

உங்கள் கையைப் பின் கழுத்தில் வையுங்கள். மெதுவாகத் தடவுங்கள். முடிச்சு முடிச்சாகத் தட்டுப்படுகிறதா? அவைதான் கழுத்து எலும்புகள். மொத்தம் 7 எலும்புகள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி இருக்கின்றன. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து எவ்வளவு நீளம்! அதற்கும் 7 எலும்புகள்தான். அதற்கு ஒவ்வொரு எலும்பும் நீளம். அவ்வளவுதான் வித்தியாசம்.

எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை போல ஒன்று இருக்கிறது. அதைத்தான் நாம் ஜவ்வு என்கிறோம். எலும்போடு எலும்பு உரசாமல் இது காக்கிறது.

இந்த எலும்புகளின் நடுவே ஒரு குழாய் போல வழி இருக்கிறது. அதற்குள் தண்டுவடம் போகிறது. தண்டுவடம் என்பது மூளையிலிருந்து கீழே இறங்கும் பெரிய நரம்புக் கற்றை. அதிலிருந்து கிளை பிரிந்து சில நரம்புகள் தோளுக்கும் கைக்கும் போகின்றன. அதனால்தான் சில பேருக்குக் கழுத்தில் கோளாறு இருந்தால் கை மரத்துப் போகிறது.

இதையெல்லாம் சுற்றித் தசைகள் இருக்கின்றன. நம் தலையைத் தூக்கிப் பிடிப்பது இந்தத் தசைகள்தான். ஒரு பெரிய ஆளின் தலை சுமார் 5 கிலோ இருக்கும். ஐந்து கிலோ அரிசிப் பை! காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும் வரை அந்தப் பையைச் சுமப்பது நம் கழுத்து.

வலி ஏன் வருகிறது?

ஒரு சோதனை செய்து பார்ப்போம். இதோ 5 கிலோ அரிசிப் பை. தம்பி, நீ எழுந்து வா. பையை நெஞ்சோடு அணைத்துப் பிடி. கனமாக இருக்கிறதா? இல்லை. இப்போது கையை முன்னால் நீட்டிப் பிடி. எத்தனை நேரம் தாங்குகிறாய் பார்ப்போம். பார்த்தீர்களா! கொஞ்ச நேரத்திலேயே கை நடுங்குகிறது.

பை அதே பைதான். கனமும் அதே கனம்தான். உடம்பை விட்டுத் தள்ளிப் போனதும் பாரம் கூடிவிட்டது. தலையும் அப்படித்தான். நிமிர்ந்து இருக்கும்போது தலை கழுத்தின் மேல் உட்கார்ந்து இருக்கிறது. குனியும்போது அது முன்னால் தொங்குகிறது. பின் கழுத்துத் தசைகள் அதைப் பிடித்து இழுத்துக் கொண்டே இருக்க வேண்டும்.

குனிவது தப்பா? தப்பில்லை. குனியாமல் யாரும் வாழ முடியாது. அசையாமல் ஒரே மாதிரி வெகு நேரம் இருப்பதுதான் தசையைக் களைக்க வைக்கிறது. தையல் அக்கா இரண்டு மணி நேரம் ஊசியையே பார்க்கிறார். தாத்தா குனிந்தபடி வலை பின்னுகிறார். தம்பி மடியில் போனை வைத்துக் கொண்டு பார்க்கிறான். மூன்று பேர் வேலையும் வேறு வேறு. கழுத்துக்கு மூன்றும் ஒன்றுதான்.

இன்னொரு காரணம் சுமை. சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள் கல்லும் கலவையும் தலையில் சுமக்கிறார்கள். நம் பெரியம்மா மீன் கூடை சுமக்கிறார். அளவான சுமையைக் கழுத்து தாங்கும். ஆனால் அதிகக் கனத்தை வருஷக்கணக்கில் சுமந்தால் எலும்பும் ஜவ்வும் சீக்கிரம் தேயும்.

மூன்றாவது காரணம் படுக்கை. தலையணை அதிக உயரமாக இருந்தால் கழுத்து இரவு முழுவதும் மடங்கியே கிடக்கும். குப்புறப் படுத்தால் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பியே கிடக்கும். காலையில் எழுந்தால் பிடித்துக் கொள்ளும்.

நான்காவது காரணத்தை யாரும் சொல்வதில்லை. அதுதான் கவலை. குழுக் கடனுக்குத் தவணை கட்ட வேண்டும். வீட்டுக்காரர் குடித்துவிட்டு வருகிறார். பிள்ளைக்கு ஃபீஸ் கட்டவில்லை. அப்போது நம்மை அறியாமல் தோளைத் தூக்கி இறுக்கிப் பிடிக்கிறோம். தூக்கமும் வராது. வலி இன்னும் பெரிதாகத் தெரியும். இது கற்பனை வலி இல்லை. உண்மையான வலிதான்.

பயப்பட வேண்டுமா?

பெரும்பாலான கழுத்து வலிக்குப் பயப்பட வேண்டியதில்லை. சுளுக்கு மாதிரி வருகிற வலி சில நாளிலோ, சில வாரத்திலோ தானாகவே குறைந்துவிடும்.

என் பாட்டி ஒரு வைத்தியம் வைத்திருந்தார். காலையில் யாராவது "கழுத்து பிடிச்சுக்கிச்சு" என்றால், அவர்கள் தலையணையைத் தூக்கி வெயிலில் போடுவார். "தலகாணி காய்ஞ்சா சுளுக்கு போயிடும்" என்பார். இரண்டு நாள் போட்டால் வலி போய்விடும்! பாட்டிக்கு ஒரே பெருமை. உண்மை என்ன? தலையணை வெயிலில் காய்ந்ததால் வலி போகவில்லை. இரண்டு நாளில் வலி தானாகவே குறைந்தது. தலையணையை வெயிலில் போட்டால் மூட்டைப்பூச்சி குறையும். அதனால் பாட்டியை நான் குறை சொல்ல மாட்டேன்.

இன்னொரு விஷயம். எக்ஸ்ரே எடுத்தால் "எலும்பு தேய்ந்திருக்கிறது" என்று சொல்வார்கள். உடனே மனம் உடைந்து போகிறோம். வயதானால் தலைமுடி நரைக்கிறது அல்லவா? அதே போல வயது ஏற ஏறக் கழுத்து எலும்பும் கொஞ்சம் தேயும். தேய்மானம் இருந்தும் வலியே இல்லாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனவே அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுப் பயந்து படுத்துவிடாதீர்கள்.

வலி வந்தால் என்ன செய்யலாம்?

முதலாவது: கழுத்தை அசையுங்கள். "வலிக்கிறதே, அசைக்கலாமா?" என்று கேட்பீர்கள். மெதுவாக அசைக்கலாம். அசைக்காமல் வைத்தால் தசை இன்னும் இறுகும். கனமான வேலையை மட்டும் இரண்டு மூன்று நாள் தள்ளிப் போடுங்கள். நடப்பது நல்லது. நாள் முழுவதும் படுத்தே கிடப்பது நல்லதில்லை.

இரண்டாவது: ஒத்தடம் கொடுங்கள். கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து கொள்ளுங்கள். அல்லது வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஒத்தடம் போதும். முதலில் உங்கள் முன்கையில் வைத்துச் சூட்டைப் பாருங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சூடு சரியாகத் தெரியாமல் போகலாம். அவர்களுக்கு வேறு ஒருவர் சூடு பார்த்து வைக்க வேண்டும்.

மூன்றாவது: எண்ணெய் தடவலாம். மெதுவாக நீவி விடலாம். அழுத்திப் பிசையக் கூடாது.

நான்காவது: வலி தாங்க முடியவில்லை என்றால் பாரசிட்டமால் 500 மாத்திரை ஒன்று போடலாம். இன்னொன்று வேண்டும் என்றால் 6 மணி நேரம் கழித்துத்தான் போட வேண்டும். ஒரு நாளில் நான்கைத் தாண்டக் கூடாது. கல்லீரல் கோளாறு உள்ளவர்களும், தினமும் குடிப்பவர்களும், கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி இருக்கும். மாதமும் வருஷமும் இருக்கும். எண்கள் உங்களுக்குத் தெரியும். படித்துப் பார்த்து வாங்குங்கள்.

ஐந்தாவது: தலையணையைச் சரி செய்யுங்கள். மல்லாந்து படுத்தால் மெல்லிய தலையணை போதும். ஒருக்களித்துப் படுத்தால் தோளுக்கும் தலைக்கும் நடுவே உள்ள இடைவெளி நிரம்ப வேண்டும். பழைய சேலையை மடித்து வைத்தே உயரத்தைச் சரி செய்யலாம். புதுத் தலையணை வாங்க வேண்டும் என்று இல்லை.

வாருங்கள், பயிற்சி செய்வோம்

எல்லோரும் நிமிர்ந்து உட்காருங்கள். அவசரம் வேண்டாம். மூச்சை அடக்க வேண்டாம்.

1. தலையை மெதுவாக வலப் பக்கம் திருப்புங்கள். தோளைப் பாருங்கள். நடுவுக்கு வாருங்கள். இப்போது இடப் பக்கம்.

2. வலது காதை வலது தோள் பக்கம் சாயுங்கள். தோளைத் தூக்கக் கூடாது. நடுவுக்கு வாருங்கள். இப்போது இடது காது.

3. இரண்டு தோளையும் காது வரை தூக்குங்கள். அப்படியே தளர விடுங்கள். கவலையை இறக்கி வைப்பது போல இருக்கிறதா?

4. நேராகப் பாருங்கள். தாடையைப் பின்னால் இழுங்கள். மேலேயும் வேண்டாம், கீழேயும் வேண்டாம். ஐந்து எண்ணும் வரை அப்படியே இருங்கள். பிறகு விடுங்கள்.

5. உள்ளங்கையை நெற்றியில் வையுங்கள். கை தலையைத் தள்ளட்டும். தலை கையைத் தள்ளட்டும். எதுவும் அசையக் கூடாது. ஐந்து எண்ணுங்கள். இதே போலப் பின் தலையிலும் இரண்டு பக்கத்திலும் செய்யுங்கள்.

ஒவ்வொன்றையும் ஐந்து தடவை செய்யுங்கள். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. லேசாக இழுப்பது போல இருந்தால் சரி. தலை சுற்றினால் நிறுத்துங்கள். வலி கைக்குப் பாய்ந்தாலும் நிறுத்துங்கள். தலையை வட்டமாக வேகமாகச் சுழற்ற வேண்டாம்.

என்ன செய்யக் கூடாது?

முடி வெட்டிய பிறகு சில கடைகளில் தலையைப் பிடித்து 'டொக்' என்று சொடுக்கு எடுப்பார்கள். நம் ஆண்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். சுளுக்கு எடுக்கிறேன் என்று கழுத்தை முறுக்குபவர்களும் ஊருக்கு ஊர் உண்டு. இது வேண்டவே வேண்டாம். ஏன் தெரியுமா? மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய்களில் இரண்டு, கழுத்து எலும்பில் உள்ள துளைகள் வழியாகத்தான் மேலே போகின்றன. திடீரென்று திருகினால் அந்தக் குழாய் கிழியலாம். பக்கவாதம் வரலாம். எல்லோருக்கும் அப்படி ஆகாது. ஆனால் ஆகிவிட்டால்? ஒரு சொடுக்குக்காக ஒரு பக்கத்துக் கை காலைப் பணயம் வைக்கலாமா?

பெயர் தெரியாத மாத்திரைப் பொட்டலத்தை வாங்கி விழுங்காதீர்கள். வலி மாத்திரைகள் பல வகை. சிலவற்றை நாள்கணக்கில் தின்றால் வயிற்றில் புண் வரும். சிறுநீரகம் கெடும். வலிக்கு வலி ஊசி போட்டுக் கொண்டே இருப்பதும் சரியில்லை.

கழுத்துப் பட்டையை நீங்களாக வாங்கி மாதக்கணக்கில் மாட்டாதீர்கள். பட்டை தலையைத் தாங்கினால் தசைக்கு வேலை இல்லை. வேலை இல்லாத தசை பலம் இழந்துவிடும். டாக்டர் போடச் சொன்னால், எத்தனை நாள் என்று கேட்டுப் போடுங்கள்.

என் அம்மாவுக்கு நடந்தது

இப்போது என் அம்மா கதையைச் சொல்கிறேன்.

அம்மா இருபது வருஷத்துக்கு மேல் சித்தாள் வேலை பார்த்தவர். கலவைச் சட்டி சுமந்து என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். மாலையில் வந்ததும் "கழுத்து கடுக்குதுடி, கொஞ்சம் அமுக்கி விடு" என்பார். நான் அமுக்கி விடுவேன். அது எங்களுக்குப் பழகிப் போன விஷயம்.

ஒரு வருஷம் வலி மாறியது. அம்மாவின் விரல்கள் மரத்துப் போயின. ஜாக்கெட் கொக்கியை மாட்ட முடியவில்லை. "நீயே மாட்டி விடு" என்பார். டம்ளர் கையிலிருந்து நழுவி விழும். நடந்து போகும்போது செருப்பு காலிலிருந்து கழன்று விழும். அது கழன்றதே அம்மாவுக்குத் தெரியாது. "அம்மா, செருப்பை ரோட்டுல விட்டுட்டு வர்ற!" என்று நான் சிரித்தேன். அம்மாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கனக்கிறது.

சுளுக்கு என்றுதான் நினைத்தோம். ஒருவர் எண்ணெய் போட்டு முறுக்கி விட்டார். ஒருவர் ஊசி போட்டார். அக்கம்பக்கத்தில் "வாதக் கோளாறு" என்றார்கள். கடன் வாங்கிச் செலவு செய்தோம். இப்படியே எட்டு மாதம் போயிற்று. ஒரு நாள் அம்மா தட்டுத் தடுமாறி வாசற்படியில் விழுந்தார். அதற்குப் பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ஸ்கேன் எடுத்தார்கள். ஜவ்வும் எலும்பும் தண்டுவடத்தை அழுத்திக் கொண்டு இருந்தன. அறுவைச் சிகிச்சை செய்தார்கள். டாக்டர் அம்மா என்னிடம் சொன்னார்: "வலி மட்டும் இருந்தால் காத்திருக்கலாம். கை மரத்து, கால் தடுமாறினால் காத்திருக்கவே கூடாது. இன்னும் முன்னாலேயே வந்திருக்க வேண்டும்."

இப்போது அம்மா நடக்கிறார். விழுவதில்லை. ஆனால் வலது கை விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. குடம் தூக்க முடியாது. ஜாக்கெட் கொக்கியை இன்றும் நான்தான் மாட்டி விடுகிறேன்.

இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. அம்மாவுக்கு வந்தது போல எல்லோருக்கும் வராது. ஆனால் சாதாரண வலி எது, ஆபத்தான வலி எது என்று எங்களுக்குத் தெரிந்திருந்தால் அந்த எட்டு மாதம் வீணாகி இருக்காது. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அடையாளங்கள்

இவற்றை எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

1. கீழே விழுந்த பிறகோ, வண்டியில் அடிபட்ட பிறகோ வரும் கழுத்து வலி. அடிபட்டவரின் கழுத்தைத் திருப்பாதீர்கள். அசையாமல் படுக்க வைத்து 108-க்குப் போன் செய்யுங்கள்.

2. கை மரத்துப் போவது. கையில் பலம் குறைவது. பொருள் நழுவி விழுவது. கொக்கியோ பொத்தானோ மாட்ட முடியாமல் போவது.

3. நடை தடுமாறுவது. செருப்பு கழன்றாலும் தெரியாமல் போவது. சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது.

4. காய்ச்சல், கடுமையான தலைவலி, வாந்தி இவற்றோடு கழுத்து விறைப்பது. தாடையை நெஞ்சில் தொட முடியாமல் இருப்பது. இது மூளைக் காய்ச்சலாக இருக்கலாம். ஒரு மணி நேரம் கூடக் காத்திருக்கக் கூடாது.

5. நெஞ்சை அழுத்தி, அந்த வலி கழுத்துக்கும் தாடைக்கும் கைக்கும் பரவி, குப்பென்று வியர்ப்பது. இது மாரடைப்பாக இருக்கலாம். வாயு என்று சொல்லிச் சோடா குடித்து நேரத்தைப் போக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள்.

6. இரவில் தூங்க விடாத வலி. கூடவே உடம்பு மெலிவது, மாலையில் காய்ச்சல் வருவது. எலும்பில் காச நோய் இருந்தாலும் இப்படி வரலாம். அதற்கு அரசு மருத்துவமனையில் இலவசமாக மருந்து உண்டு.

இந்த அடையாளம் எதுவும் இல்லாமல், சில வாரம் ஆகியும் வலி குறையவில்லை என்றாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

சுமையைப் பற்றி ஒரு வார்த்தை

"வலிக்காமல் இருக்கணும்னா சுமக்கக் கூடாதுன்னு சொல்லுவே. சுமக்காட்டா சோறு யாரு போடுவா?" என்று சித்தாள் அக்கா கேட்கிறார். நியாயமான கேள்விதான். சுமக்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சுமக்கும் விதத்தில் கொஞ்சம் மாற்றலாம்.

தனியாகத் தூக்கித் தலையில் வைக்காதீர்கள். ஏற்றவும் இறக்கவும் இன்னொருவர் கை கொடுக்கட்டும். சும்மாட்டைத் தட்டையாக, சமமாகச் சுற்றுங்கள். சுமை ஒரு பக்கம் சாயக் கூடாது. சுமையோடு திரும்ப வேண்டும் என்றால் கழுத்தைத் திருப்பாதீர்கள். காலை எடுத்து வைத்து உடம்போடு திரும்புங்கள். ஒரே நடையில் நிறைய என்பதை விட, இரண்டு நடையில் கொஞ்சம் கொஞ்சம் மேல். தள்ளுவண்டி இருக்கும் இடத்தில் தலை எதற்கு?

ஒரு சிமெண்ட் மூட்டை 50 கிலோ. அதை ஒரு பெண் தலையில் ஏற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அளவுக்கு மீறிய சுமையைத் தூக்கச் சொல்லக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் எழுதினார்கள். 1967-ஆம் ஆண்டு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் இதைப் பற்றிப் பேசியது. ஓர் ஆண் தனியாகச் சுமப்பது 55 கிலோவைத் தாண்டக் கூடாது, பெண்ணுக்கு அதை விட நன்றாகக் குறைய வேண்டும் என்றது. எனவே "மேஸ்திரி, இது ரொம்பக் கனம், ரெண்டு பேரா தூக்குறோம்" என்று கேட்பது சோம்பல் இல்லை. ஒருவர் கேட்டால் திட்டுவார்கள். நான்கு பேர் சேர்ந்து கேட்டுப் பாருங்கள்.

வீட்டிலும் இதே பேச்சுதான். அண்ணன்மார்களே, தண்ணீர்க் குடத்தைப் பெண்கள்தான் தூக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கழுத்து வலி வெளியே தெரியாது. ரத்தம் வராது, வீக்கம் இருக்காது. வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் நம்புங்கள். நம்பிக் குடத்தை வாங்கிக் கொள்ளுங்கள்.

குனிந்து வேலை செய்பவர்கள் அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நிற்க வேண்டும். தோளைத் தூக்கி இறக்கினால் போதும். தம்பி, போனைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடி. கை வலித்தால் நல்லது. போனைக் கீழே வைத்துவிடுவாய்.

பெரியம்மாவுக்கு ஏன் வலித்தது?

பெரியம்மா வகுப்பை விட்டுப் போன மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். "எங்கே, எப்படிப் படிக்கிறீங்கன்னு காட்டுங்க" என்றேன். புத்தகத்தைத் தரையில் வைத்தார். தலையைத் தொங்கப் போட்டுக் கொண்டு படித்தார். "மடியில வெச்சுப் படிக்கக் கூடாதா பெரியம்மா?" என்று கேட்டேன். "மடியில வெச்சா எழுத்து கலங்குதும்மா. தரையில வெச்சாத்தான் தெரியுது" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெரியம்மாவுக்கு வெள்ளெழுத்து! நாற்பது வயதுக்கு மேல் எல்லோருக்கும் இது வரும். கிட்டே உள்ள எழுத்து மங்கும். தள்ளி வைத்தால் தெரியும். எழுத்தைத் தள்ளி வைக்கப் புத்தகம் தரைக்குப் போனது. புத்தகத்தைத் தேடித் தலை கீழே போனது. தலையைப் பிடித்துக் கழுத்து வலித்தது. எழுத்து என்ன பாவம் செய்தது?

அரசு மருத்துவமனையில் கண்ணைக் காட்டினோம். வெள்ளெழுத்துக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் பழைய மீன் கூடை ஒன்று கிடந்தது. அதைக் கவிழ்த்து மேலே ஒரு பலகையைப் போட்டோம். இப்போது புத்தகம் அந்தப் பலகை மேல் இருக்கிறது. இரண்டு பக்கம் படித்ததும் எழுந்து நின்று தோளைத் தூக்கி இறக்குகிறார். வலி ஒரேயடியாகப் போய்விடவில்லை. கூடை சுமந்த கழுத்து அல்லவா? ஆனால் குறைந்திருக்கிறது. அதோ, கண்ணாடி போட்டுக் கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்!

நாற்பதைத் தாண்டியவர்கள் எல்லோரும் கண்ணைச் சோதித்துக் கொள்ளுங்கள். மங்கலான விளக்கில் படிக்காதீர்கள். புத்தகத்தைத் தூக்கி வையுங்கள். தலை தானாக நிமிரும்.

வலிக்கிறது என்று படிப்பை விட வேண்டாம். வலிக்கிறது என்று சொல்லுங்கள், சேர்ந்து வழி தேடுவோம்.

நாளை பாடம் உண்டு. எல்லோரும் வாருங்கள். 

கலந்து பேசுங்கள்

1. உங்கள் வேலையில் கழுத்து எவ்வளவு நேரம் குனிந்தே இருக்கிறது?

2. உங்கள் வீட்டில் அதிகச் சுமை தூக்குவது யார்? அதை எப்படிப் பங்கு போடலாம்?

3. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அடையாளங்களில் மூன்றைப் பார்க்காமல் எழுதுங்கள்.

4. இதைப் படிக்கத் தெரியாத ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள்.